கோள்களின் கருவறை – 7: புதன் தலையாட்டுகிறது

சென்ற வாரம் செவ்வாயின் காந்தம் அணைந்த கதையைப் பார்த்தோம். புதன் அதைவிடவும் சிறியது. விட்டம் 4,880 கிலோமீட்டர்தான். சிறிய கோள் சீக்கிரம் ஆறிவிடும். 450 கோடி ஆண்டுகளில் உள்ளே இருக்கும் இரும்பெல்லாம் இறுகிப்போயிருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றவும் 58.65 நாள் ஆகிறது. அங்கே காந்தப்புலம் இருக்கும் என்று எதிர்பார்க்க ஒரு காரணமும் இல்லை.

1974 மார்ச் 29 அன்று மாரினர் 10 விண்கலம் புதனின் இருட்டுப் பக்கமாக, சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோனபோது அதன் காந்தமானி வேறு கதை சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கலம் இன்னும் நெருங்கி, 327 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. சந்தேகம் தீர்ந்தது. பூமியின் புலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் அது புதனுக்கே சொந்தமான காந்தம்.

அது இப்போது உண்டாகிக்கொண்டிருக்கிறதா, அல்லது என்றோ உண்டாகிப் பாறையில் தங்கிவிட்ட பழைய காந்தமா? செவ்வாயில் நாம் பார்த்தது இரண்டாவது வகை. புதனில் முதல் வகை என்றால் அதன் கருவில் உருகிய இரும்பு இன்றும் புரண்டுகொண்டிருக்க வேண்டும். 2,000 கிலோமீட்டர் ஆரம் கொண்ட கரு அது. கோளின் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். அது திரவமா, திடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புதனில் இன்றுவரை எந்தக் கலமும் மெதுவாகத் தரையிறங்கியதில்லை, நிலநடுக்கமானி எதையும் யாரும் வைத்ததில்லை.

விடை சுழற்சியில் இருக்கிறது என்று 1976-இல் சொன்னவர் கலிஃபோர்னியாவின் ஸ்டான்டன் பீல். வியாழனின் துணைக்கோள் ஐயோவில் எரிமலைகள் இருக்கலாம் என்று, வாயேஜர் அவற்றைப் படம் பிடிப்பதற்குச் சில நாள் முன்பே, இரு நண்பர்களோடு சேர்ந்து எழுதியவரும் இவர்தான். கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோளின் வயிற்றுக்குள் எட்டிப்பார்க்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

அவருடைய யோசனை இது. புதனின் நடுக்கோடு சரியான வட்டம் அல்ல, சற்றே நீண்டிருக்கிறது. பாதையும் நீள்வட்டம்: சூரியனுக்கு 4.6 கோடி கிலோமீட்டர்வரை நெருங்கும், 7 கோடிவரை விலகும். அந்த நீண்ட உடலைச் சூரியன் பிடித்து இழுப்பதால், 88 நாளுக்கு ஒருமுறை சுழற்சி கொஞ்சம் விரையும், கொஞ்சம் தளரும். அதாவது, கோள் மெல்லத் தலையாட்டும். எவ்வளவு ஆட்டும் என்பது உள்ளே இருப்பதைப் பொறுத்தது. நீர் நிறைந்த செம்பில் ஒரு துளசி இலையை மிதக்கவிட்டு, செம்பை இப்படியும் அப்படியும் சட்டெனத் திருப்பிப் பாருங்கள். செம்பு திரும்பும், இலை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். கரு திரவமாக இருந்தால், சூரியன் திருப்ப வேண்டியது வெளி ஓட்டை மட்டும்தான். ஆட்டம் ஏறக்குறைய இரு மடங்காகும்.

இதை அளக்க வழி பிறந்தது இகோர் ஹோலின் என்ற ரஷ்ய விஞ்ஞானியின் யோசனையால். கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆண்டெனா புதனை நோக்கி ரேடார் அலையை அனுப்பும். கரடுமுரடான தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி, திட்டுத்திட்டான கோலமாகப் பூமியின்மேல் ஊர்ந்துபோகும். அது கோல்ட்ஸ்டோனைத் தொடும் நேரத்துக்கும், 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கைத் தொடும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி புதனின் சுழற்சி வேகத்தைச் சொல்லிவிடும். ஒரு நாளில் இதற்கு வாய்க்கும் நேரம் சுமார் 20 விநாடிதான். ஜான்-லூக் மார்கோவின் குழு 2002 முதல் 2006 வரை இப்படி அளந்தது. 2007-இல் முடிவு வந்தது: திடமான புதனுக்குப் பொருந்தாத பெரிய ஆட்டம். பின்னர் வந்த துல்லியமான கணக்குப்படி, நடுக்கோட்டில் நிற்கும் ஒரு பாறை தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இருபுறமும் சுமார் 450 மீட்டர் விலகுகிறது. ஓடு கருவோடு ஒட்டியில்லை. கருவின் வெளிப்பகுதியாவது உருகித்தான் இருக்கிறது. 2007-இல் முடிவை அறிவித்த கட்டுரையை எழுதியவர்களில் பீலும் ஒருவர். 31 ஆண்டு காத்திருந்து தன் கேள்விக்கான விடையில் அவரே கையெழுத்திட்டது, அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்வுகளில் ஒன்று.

இவ்வளவு காலம் அது ஏன் உறையவில்லை? கந்தகம் போன்ற இலேசான தனிமங்கள் கலந்தால் இரும்பின் உருகுநிலை இறங்கும். புதனைச் சுற்றிவந்த மெசெஞ்சர், அதன் தரையிலேயே எதிர்பாராத அளவு கந்தகத்தைக் கண்டது. காந்தம் இவ்வளவு மெலிந்திருப்பதற்கு 2006-இல் உல்ரிக் கிறிஸ்டென்சன் சொன்ன விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது: இரும்பு ஆழத்தில்தான் புரள்கிறது, அதன் மேலே அசையாமல் கிடக்கும் திரவ அடுக்கு புலத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. மெசெஞ்சர் கண்ட மற்றொன்றை எளிதில் விளக்க முடியாது. காந்தப்புலத்தின் மையம் கோளின் மையத்தில் இல்லை. வடக்கே சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் தென்முனையில் புலம் மெலிந்து, சூரியக் காற்றுக்குத் தரை அதிகமாகத் திறந்து கிடக்கிறது.

இதையும் ஆராய ஐரோப்பாவும் ஜப்பானும் 2018-இல் பெபிகொலம்போவை அனுப்பின. 2026 நவம்பரில் அது புதனைச் சுற்றத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். அதில் உள்ள ஜப்பானியக் கலமான மியோவுக்குக் காந்தப்புலத்தை அளப்பதுதான் முதல் வேலை.

அடுத்த வாரம் வெள்ளி. புதனைவிட ஏறத்தாழ 15 மடங்கு நிறை கொண்ட அந்தக் கோளுக்குச் சொந்தக் காந்தம் ஏன் இல்லை என்று பார்ப்போம்.