மாயாபூர் என்று பெயர் பெற்ற ஹந்தானை

கண்டி நகருக்கு மேலே எழுந்து நிற்கும் ஹந்தானை மலையை நம்மில் பலர் தினமும் காண்கின்றோம். உலகெங்கும் திரையரங்குகளிலும், பின்னர் தொலைக்காட்சியிலும் அதைக் கண்டவர்களோ, இந்தியாவில் உள்ள மாயாபூர் என்ற கிராமம் என்றே எண்ணியிருப்பர். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கி 1984 இல் வெளிவந்த, இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படத்துக்காக அக்கிராமம் ஹந்தானையில் கட்டப்பட்டது.

இந்தியக் கதைக்கு ஏன் கண்டி? இந்திய அரசு கதையில் மாற்றங்கள் கேட்டது, படக்குழு இணங்கவில்லை. இங்கோ மலையும் ஆறும் பழகிய யானைகளும், தங்குவதற்கு ஒரு நகரமும் அருகருகே இருந்தன. 1983 ஏப்ரல் 18 ஆம் திகதி படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. உன்னிப்பாகக் கேட்டால் அந்த 'இந்தியக்' கிராமத்தவர் சிங்களம் பேசுவது புரியும். மாயாபூரின் முதிய பூசாரியாக நடித்த டி. ஆர். நாணயக்கார சிங்களத் திரையுலகின் பெயர்பெற்ற நடிகர். ஆங்கிலம் அறியாத அவர், வசனங்களைச் சொல்லிக்கொடுக்கக் கேட்டு அவ்வாறே திருப்பிச் சொன்னார். படத்தில் அது சற்றும் தெரியவில்லை.

தொங்குபாலம் அறுந்து விழும் காட்சி மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கிலே எடுக்கப்பட்டது. அப்போது பக்கத்தில் விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அதில் ஈடுபட்டிருந்த பிரித்தானியப் பொறியியலாளரின் உதவி பாலம் கட்டுவதற்குக் கிடைத்தது. அறுத்த பாலத்தை மீண்டும் அறுக்க முடியாதல்லவா? ஆகவே பல கமராக்களை நிறுத்தி ஒரே தடவையில் படம் பிடித்தார்கள். விழுந்தவை பொம்மைகள்.

இத்தகைய படப்பிடிப்பு ஊருக்கு எதைத் தருகிறது? தச்சருக்கும் சுமை தூக்குவோருக்கும் வாகனக்காரருக்கும் யானைப் பாகருக்கும் சில கிழமைகளுக்கு வேலை கிடைக்கும். பின்பு அரங்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கித்துல்கலையில் மட்டும் கதை வேறு. 1957 இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் படத்துக்காகக் களனி கங்கையில் பாலம் கட்டித் தகர்த்த இடத்தைப் பார்க்கப் பயணிகள் இன்னும் வருகின்றனர். எங்கள் எண்ணத்தில், நிலம் கொடுப்போரும் கூலிக்குச் செல்வோரும் வேலை தொடங்குமுன்பே சம்பளத்தையும், சேதமானவற்றைத் திருத்தித் தரும் பொறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கமரா போன பின்பு கேட்பதற்கு ஆள் இருக்காது.

படக்குழு வந்துபோன அதே ஆண்டு ஜூலையில் இனக்கலவரம் கண்டிக்கும் மலையகத்துக்கும் பரவியது. கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த ஏப்ரலில் பிடித்த படத்தைப் பார்க்கும்போது எங்களுக்கு அதுவும் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றும் உண்டு. விக்டோரியா அணைக்கட்டு 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன் உயரம் 122 மீற்றர். மின்னாற்றல் 210 மெகாவாற். அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது கடைவீதியோடு இருந்த பழைய தெல்தெனிய நகரம். மக்களில் பெரும்பகுதியினர் மகியங்கனைப் பக்கத்துக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். சில வாரங்களுக்காகக் கட்டிய பொய்க் கிராமத்தை நாம் இன்றும் தொலைக்காட்சியில் பார்க்கலாம். தெல்தெனியவைப் பார்க்க வேண்டுமானால் கடும் வரட்சிக்குக் காத்திருக்க வேண்டும். நீர் நன்றாக இறங்கும்போது பழைய கட்டடங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். அங்கு வாழ்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வந்து பார்த்துச் செல்வார்கள்.