தோட்டத் தொழிலாளியின் மறைவுக்குப் பின்...

மடுல்சீமை, லுணுகலை, பசறைத் தோட்டங்களில் மரண சாசனம் பற்றிப் பேச்செடுத்தால், "பங்கு போட எங்களிடம் என்ன இருக்கிறது?" என்ற கேள்வியே பதிலாக வரும். லயன் அறை தோட்டத்துக்குரியது. காணி அரசுக்குரியது, 1992 முதல் அது பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளது. எனவே இக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் முப்பது வருடங்கள் கொழுந்து பறித்த ஒருவர் வெறுங்கையுடன் இறப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் அவர் பெயரில் இருக்கின்றன. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளம் பெறுபவருக்குச் சேவையாற்றிய ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட்சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேரும். முப்பது வருடங்களுக்கு அது 420 நாட்சம்பளமாகும். தொழிலாளி இறந்தால் இப்பணம் அவரது உரித்தாளர்களையே சேரவேண்டும்.

உரித்தாளர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கும் கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கும் உரியவை. மலையகத் தமிழர் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கும் நாட்டின் பொதுச் சட்டத்துக்கும் உட்பட்டவர்கள். சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி கணவனுக்கு அல்லது மனைவிக்கும், மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். இதில் ஆண், பெண் பேதமில்லை. "சீர் செய்து அனுப்பியாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு?" என்று மகளை விலக்கும் வழக்கத்தைச் சட்டம் ஏற்பதில்லை. அவள் பெற்றது கணக்கில் எடுக்கப்படலாமேயன்றி உரிமை அற்றுப்போவதில்லை.

பதிவு செய்யப்படாத திருமணங்களே தோட்டங்களில் அதிக துன்பத்தை விளைவிப்பவை. கோவிலில் தாலி கட்டியது செல்லாது என்று சட்டம் கூறவில்லை. ஆனால் கணவன் இறந்தபின் அதனை நிரூபிக்கும் சுமை விதவையின் தலையில் விழுகிறது. நிரூபிக்க இயலாவிடில், திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளை தாயின் சொத்துக்கன்றித் தந்தையின் சொத்துக்கு உரித்தாளியாகாது என்ற விதி பிள்ளைகளையும் பாதிக்கும். சட்டப்படி மகவேற்காமல் எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் சாசனமின்றி எதுவும் கிடையாது.

பெயர்க் குழப்பமும் சாதாரணமானதல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது. உரியவர் உயிருடன் இருக்கும்போதே சத்தியக் கடதாசியுடன் தொழில் திணைக்களத்தை அணுகித் திருத்துவது எளிது. சேமலாப நிதிக்குப் பதினெட்டு வயதில் தாயின் பெயரைக் குறித்துக் கொடுத்தவர் பலருண்டு. தாய் காலமான பின்னும் அது மாற்றப்படாமலே கிடக்கிறது. இதற்குச் செலவாவது ஒருநாள் பேர் மாத்திரமே.

மரண சாசனம் பணக்காரருக்கு மட்டும் உரியதன்று. நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும். பயன்பெறுபவரையே சாட்சியாக நிறுத்தலாகாது. சாசனம் எழுதிய பின் திருமணம் செய்தால் அது ரத்தாகிவிடும் என்பதைப் பலர் அறியார்.

சொத்தின் பெறுமதி சட்டம் குறிக்கும் எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றம் செல்ல நேரிடும். சாசனம் இருந்தால் அதனை உறுதிப்படுத்தவும், இல்லாவிடில் நிர்வகிக்கும் அதிகாரத்தைப் பெறவும் அங்கு மனுச் செய்யவேண்டும். மரணச் சான்றிதழ், உரித்தாளர் பட்டியல், சொத்து விபரம் ஆகியன தேவை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் தமிழகம் சென்றுவிட்ட மகனோ மகளோ இருப்பின் அவர்களையும் மறைக்கலாகாது. மறைத்தால் பின்னர் முழு நடவடிக்கையும் கேள்விக்குள்ளாகும்.

வீடு பற்றிய விடயம் இப்போது புதிதாக எழுந்துள்ளது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. பத்திரம் வேறு, நொத்தாரிசு எழுதிப் பதிவு செய்த உறுதி வேறு என்பதை நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். எது கைக்கு வந்தாலும், யார் பெயரில் உள்ளது, மனைவியின் பெயரும் சேர்ந்துள்ளதா, பின்னுரித்துப் பற்றி என்ன நிபந்தனை உண்டு என்பவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்பது குடும்பத்தின் உரிமையாகும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தொழிற்சங்கங்களும் சந்தாப் பணத்துக்குப் பிரதியாக இந்த உதவியையேனும் தோட்டந்தோறும் செய்யலாமல்லவா?