கொல்லிமலைச் சாலையில் நின்று காண வேண்டியவை

கோடை விடுமுறை வந்ததும் மலையூர்களை நாடிச் செல்வது இக்காலத்தார் வழக்கமாகிவிட்டது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய ஊர்கள் அப்பொழுது கொள்ளும் நெரிசலை நீங்கள் அறிவீர்கள். அவற்றை விடுத்து, நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறுகின்ற சாலையில் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். நாம் சென்று சேரும் இடம் வாழவந்தி நாடு. ஆயினும் சேருமிடத்தைவிட, வழியில் நிற்குமிடங்களைப் பற்றியே மிகுதியாகப் பேசப் போகின்றேன். கைப்பேசி கையிலிருப்பதால் இன்று எல்லோரும் படமெடுக்கின்றனர். எங்கே நின்று, எதைக் கண்டு எடுக்கின்றனர் என்பதிலேதான் வேறுபாடு இருக்கின்றது. கண்ணுக்கு அழகிய காட்சி ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் புலப்படும் இடமே நிற்கத்தக்க இடம் என்பது என் கருத்து.

காரவள்ளி மலையின் அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரை ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 வளைவுகள்; சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு 20. உலகோர் வியந்து பேசும் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையில், ஆல்ப்சு மலையின் ஒரு பக்கத்திலே 48. இந்த எண்களை ஒப்பிட்டுப் பெருமை கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். ஏன் இத்தனை வளைவுகள் என்று கேளுங்கள். அடிவாரத்திற்கும் மேல்தளத்திற்கும் இடையே ஏறத்தாழ 1000 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. மலையோ சுவர்போல் நிமிர்ந்து நிற்கின்றது. வண்டிகள் இளைப்பின்றி ஏறவேண்டுமாயின், 20 மீட்டர் முன்செல்லும்போது 1 மீட்டர் உயரும் அளவில் சாலை அமைவது நலம். அந்தக் கணக்கில் 1000 மீட்டர் ஏற 20 கிலோமீட்டர் வேண்டும். அத்தனை நீளத்தை ஒரு குறுகிய சரிவுக்குள் எப்படி அடக்குவது? புடவையைக் கொசுவுவதுபோல் மடித்து மடித்துத்தான் அடக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொண்டையூசி வளைவு. மேலே ஏறியபின் கீழ்நோக்கிச் சாலையின் நாலைந்து மடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும் இடத்தில் நின்றால், இந்தக் கணக்கைக் கண்ணாலேயே போட்டுவிடலாம்.

ஆனால் வளைவின் முனையில் மட்டும் வண்டியை நிறுத்த வேண்டா. மேலிருந்து இறங்குகின்ற பேருந்து தன் முழு நீளத்தையும் அங்கேதான் திருப்பியாக வேண்டும். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே ஓரம் அகன்ற இடங்கள் உண்டு, அங்கே நில்லுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் எறிந்து படமெடுப்பாரும் உளர். அச்செயலால் குரங்குகள் காட்டுக்கனி தேடுவதை விட்டுச் சாலைக்கு வந்து சக்கரங்களில் அடிபடுகின்றன.

நான் புவியியல் கற்பித்த நாட்களில், மாணவரை மலைக்கு அழைத்துச் செல்லும்போது பையில் ஒரு வெப்பமானி வைத்திருப்பேன். ஒரு சித்திரை மாதக் காலையில் அது காரவள்ளியில் 33 பாகை காட்டிற்று. செம்மேட்டை அடைந்தபொழுது 27 பாகை. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்று பாடநூலில் படித்த செய்தியை மாணவர்கள் தம் உடம்பாலேயே உணர்ந்தனர். மரங்களும் அதே பாடத்தைச் சொல்கின்றன. அடிவாரத்திலே முட்புதர்களும் கோடையில் இலையுதிர்த்து நிற்கும் மரங்களும். மேலே செல்லச் செல்லப் பசுமை அடர்கின்றது. உச்சியை அடுத்த மடுக்களிலே என்றும் இலை மாறாத சோலை. அடிவாரத்தில் ஒன்று, நடுவழியில் ஒன்று, உச்சியில் ஒன்று என மூன்று படங்கள் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள்.

சமவெளியின் தோற்றத்தைக் காண விரும்புவோர் காலையிலேயே ஏறிவிட வேண்டும். நண்பகலில் கோடைப் புழுதியும் வெப்பமும் கூடி, கீழே உள்ள ஊர்களை வெண்புகைபோல் மறைத்துவிடும். காலையிலோ கதிரவன் மலைக்குப் பின்னே எழுவதால், மலையின் நிழல் மேற்கே வயல்களின்மேல் நீண்டு கிடந்து, பிறகு மெல்ல மெல்லச் சுருங்கி வருவதைக் காணலாம்.

எழுபதாவது வளைவைக் கடந்தால் சோளக்காடு. இங்குள்ள சந்தையைக் காணாமல் போவோரைப் பார்த்து நான் வருந்துவதுண்டு. மிளகு, காப்பிக்கொட்டை, அன்னாசி, மலைவாழை, தேன் என்று மலையின் விளைவெல்லாம் அங்கே தரையில் பரப்பப்பட்டிருக்கும். கோடையிலே பலாப்பழத்தின் மணம் தொலைவிலேயே நம்மை அழைக்கும். இவற்றுள் காப்பியின் தாயகம் எத்தியோப்பியா. மிளகுக்கொடி படர்வதற்கு நட்டிருக்கின்ற சில்வர் ஓக் மரம் ஆசுதிரேலியாவிலிருந்து வந்தது. அன்னாசி தென்னமெரிக்கப் பயிர். பலாவோ நம் மண்ணுக்கே உரியது. கல்லாடனார் பாடிய அகநானூற்று 209ஆம் பாட்டில், மலையமான் திருமுடிக்காரி வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தி வருகின்றது. அங்கே புலவர் இம்மலைக்குக் கொடுக்கும் அடை பலா வளம்தான்! ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு வருணனையை விலை கொடுத்து வாங்கி உண்ணக்கூடிய சந்தை தமிழகத்தில் வேறு எங்கே இருக்கின்றதோ, நான் அறியேன்.

இனி, வாழவந்தி நாடு. நாடு என்றதும் பெரிய நிலப்பரப்பை எண்ண வேண்டா. பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுதியே இங்கு நாடு எனப்படுகின்றது. வாழவந்தி, வளப்பூர், அரியூர், சேலூர், தின்னனூர், குண்டூர், தேவனூர் முதலாகக் கொல்லிமலையில் 14 நாடுகள் உள்ளன. இவற்றில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். அவர்கள் பேசுவது தமிழே. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அமைந்த பெயர் அது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வாழவந்தி என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்த வரலாறு என் நினைவுக்கு வரும்.

இந்நாட்டைச் சேர்ந்த செம்மேட்டில், குதிரைமேல் அமர்ந்த வல்வில் ஓரியின் சிலை நிற்கின்றது. பயணிகள் அதன் கீழ் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர், நன்று. ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் கூறுகின்றார். அந்த வில்லாற்றலைவிட என் மனத்தைக் கவர்வது அப்பாட்டின் பிற்பகுதி. காட்டிலே தம்மைக் கண்ட பாணர்க்கு ஊனும் கள்ளும் பொன்னும் மணியும் கொடுத்த அவ்வேட்டுவன், அவர்கள் ‘கோ’ என்று விளித்தபொழுது, அது தன் பெயராதலின் நாணி நின்றான்.

வாசலூர்ப்பட்டியில் படகு இல்லம் உண்டு. சீக்குப்பாறையில் பள்ளத்தாக்கை நோக்கும் காட்சிமுனை உண்டு. சிறுவர்க்கு முன்னது உவப்பளிக்கும். வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் தனியே அரைநாள் ஒதுக்க வேண்டும். கோயிலையொட்டி ஓடும் ஐயாற்றில் மீன்களைப் புனிதமாகக் கருதி உணவிடுவர். அவ்வாறே சிறிது தொலைவு சென்று, தளத்தின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 300 அடி கீழே வீழ்கின்றது. இம்மலை சார்னக்கைட்டு என்னும் கடும்பாறையால் ஆனது. கொல்கத்தாவில் யோபு சார்னாக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல் இவ்வகையிலே பயன்பட்டமையால் அப்பெயர் எழுந்தது. நீரால் எளிதில் அரிக்கப்படாத பாறையாதலின், ஆறு சரிந்து இறங்க வழியின்றிக் குதிக்கின்றது. அருவியடிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்கியவர் ஏறவும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கோடையிலே நீர் மெலிந்திருக்கும். விளம்பரப் படங்களிலுள்ள வெள்ளப்பெருக்கை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். ஆனால் பாறையின் அமைப்பைத் தெளிவாகக் காண்பதற்கு நீர் மெலிந்த பருவமே ஏற்றது.

எவரும் வண்டியை நிறுத்தாத ஓரிடத்தை இறுதியாகச் சொல்கின்றேன். செம்மேட்டைச் சுற்றிய சாலைகளில் இருபுறமும் உள்ள சரிவு வயல்களே அவை. முன்னர் இவற்றில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை விளைந்தன, பள்ளங்களில் நெல். இன்று பல சரிவுகளில் மரவள்ளி நிற்கின்றது. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குப் பணம் தருகின்றன. சாமையோ உரலிலிட்டுக் குற்றினாலன்றி அரிசியாகாது. அவ்வேலை முழுவதும் பெண்களின் தோள்மேல் விழுந்தது. நியாயவிலைக் கடையில் நெல்லரிசி கிடைத்தபின் அந்தத் தோள்வலியை எவர் விரும்புவர்? ஆகவே உழவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் தளர்ந்து மழையில் கரைகின்றது. தலைமுறை தலைமுறையாகக் காத்த விதைகளும், விதைப்பார் இல்லையேல், சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் இழந்து போகின்றன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் ஊர் விதை வங்கிகளுக்கும், உமி நீக்கும் சிறு எந்திரங்களுக்கும் துணை நின்று உழைத்தது. உரல் வேலை குறைந்தால் சாமை திரும்பும் என்பது அதன் அடிப்படை. நல்ல எண்ணம், காரணத்தைக் கண்டு செய்த மருத்துவம். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகரங்களிலும் சாமைக்கு மதிப்பு கூடியிருக்கின்றது.

கோடையில் நீங்கள் சாமைக் கதிரைக் காணமாட்டீர்கள். மழைக்குக் காத்திருக்கும் வெறும் தட்டு நிலத்தையே காண்பீர்கள். நிலத்துக்குரியவரிடம் ஒப்புதல் கேட்டு அதைப் படமெடுங்கள். சென்ற ஆண்டு என்ன விதைத்தார், அவர் தந்தை என்ன விதைத்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாட்களில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறுகின்றது. அப்பொழுது சரிவுகளில் பயிர் பச்சை கட்டியிருக்கும். மீண்டும் வரக்கூடியவர்கள் அதே வரப்பில் நின்று, அதே திசையை நோக்கி இன்னொரு படம் எடுத்து, ஊர்ப்பெயரும் நாளும் குறித்து, நிற்பது சாமையா மரவள்ளியா என்பதையும் அதனருகே எழுதி வையுங்கள்.