வீட்டுக் கணினியிலும் மெயில் பார்க்கலாம்

சென்டாக் விண்ணப்பம் போட்டாச்சு. இனி மெயில் வரும்னு காத்திருக்கும்போது கைப்பேசி பழுதானால்? சுத்துக்கேணியிலிருந்து டவுனுக்கு ஓட வேண்டாம். வீட்டுக் கணினியிலும் மெயில் வரும்படி முன்பே அமைத்து வைத்துக்கொள்ளலாம்.

தண்டர்பேர்டு என்ற மென்பொருள் இதற்கு உதவும். இதன் 1.0 பதிப்பு 2004-இல் வெளிவந்தது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், கட்டணம் இல்லை.

1. தண்டர்பேர்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கி நிறுவுங்கள்.

2. திறந்ததும் உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். சர்வர் விவரங்களை அதுவே தேடிக்கொள்ளும்.

3. ஐமேப், பாப் என இரண்டு வழி காட்டினால் ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே மெயில்கள் தெரியும்.

4. ஜிமெயில் என்றால் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். அங்கே கடவுச்சொல் கொடுங்கள். சரிபார்ப்பு கைப்பேசிக்கு வரலாம். அதனால் போன் நல்லா இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

கவனிக்க: ஐமேப்பில் இங்கே அழித்தால் போனிலும் அழிந்துவிடும். ஜிமெயிலின் இலவச இடம் 15 ஜிபி. கூகுள் போட்டோஸ் படங்களும் இதே கணக்கில்தான் வரும். நிறைந்துவிட்டால் புது மெயில் வராது. எனவே முக்கியமான மெயில்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுத்து வையுங்கள். அவை உங்கள் கணினியிலேயே இருக்கும்.

பிரவுசிங் சென்டர் கணினியில் இதை அமைக்கவே வேண்டாம். கடவுச்சொல், ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீங்க.