மாற்றினார்கள்... திரும்ப வைத்தார்கள்! 18,000 பேருக்குப் போன விஷ அப்டேட்: ஃபைல் கண்காணிப்பு ஏன் முக்கியம்?

போனில் ‘அப்டேட் தயார்’ என்று ஒரு அறிவிப்பு வந்தால் பெரும்பாலானோர் யோசிக்காமல் அழுத்திவிடுகிறோம். ‘கம்பெனியே அனுப்பியிருக்கு, அப்புறம் என்ன பயம்?’ என்பதுதான் நம் கணக்கு. அந்தக் கணக்கை 2020-ம் ஆண்டு ஒரே ஒரு ஃபைல் பொய்யாக்கியது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரைச் சேர்ந்த நிறுவனம் சோலார்விண்ட்ஸ். பெரிய அலுவலகங்களின் நெட்வொர்க் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கவனிக்கும் ‘ஓரியன்’ என்ற சாஃப்ட்வேரை விற்றுவந்த நிறுவனம் இது. அந்த ஓரியனின் அப்டேட்டுக்குள் ஹேக்கர்கள் விஷத்தைக் கலந்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அதை டவுன்லோடு செய்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. அமெரிக்க அரசின் 9 துறைகளும், சுமார் 100 தனியார் நிறுவனங்களும் உண்மையில் ஊடுருவப்பட்டதாக 2021 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை தெரிவித்தது. நிதித்துறை, வர்த்தகத்துறை, உள்நாட்டுப் பாதுகாப்புத்துறை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆனால் இதில் இன்னொரு அதிர்ச்சி இருக்கிறது. அந்த நிறுவனம் தன் மூலக் குறியீட்டை, அதாவது சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஒரு வரிகூட மாறவில்லை. அப்படியானால் விஷம் எங்கிருந்து வந்தது?

கோட் வேறு, சாஃப்ட்வேர் வேறு

டெவலப்பர்கள் எழுதுவது மனிதர்கள் படிக்கக்கூடிய கோட். அது அப்படியே நம் கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. தனியாக ஒரு கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவார்கள். இந்த வேலைக்குப் பெயர் ‘பில்ட்’. அதிலிருந்து வெளிவரும் ஃபைலில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டு, அப்டேட்டாக அனுப்புவார்கள்.

மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கழுவிக் காயவைத்த அரிசி சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மில்லில் அரைக்கும்போது யாரோ ஒரு கைப்பிடி வேறு எதையோ கலந்துவிட்டால்? வீட்டில் மீதமிருக்கும் அரிசியை எத்தனை முறை சோதித்தாலும் தவறு தெரியாது. சோலார்விண்ட்ஸில் நடந்தது இதேதான்.

ஒவ்வொரு விநாடியும் காத்திருந்த திருடன்

2021 ஜனவரியில் இந்தத் தாக்குதலின் செயல்முறையை கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் வெளியிட்டது. 2024 ஜூலையில் உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றபோது செய்திகளில் அடிபட்டதே, அதே நிறுவனம்தான். பில்ட் கம்ப்யூட்டரில் ஹேக்கர்கள் வைத்திருந்த புரோகிராமுக்கு ‘சன்ஸ்பாட்’ என்று பெயரிட்டார்கள். அது செய்த வேலை இதுதான்:

• விநாடிக்கு ஒருமுறை, மைக்ரோசாஃப்ட்டின் ‘எம்எஸ்பில்ட்’ என்ற பில்ட் கருவி ஓடுகிறதா என்று பார்க்கும்.

• ஓடினால், பில்ட் ஆவது ஓரியன்தானா என்று உறுதிசெய்யும். வேறு சாஃப்ட்வேர் என்றால் தொடாது.

• ஓரியன் என்றால், ‘இன்வென்டரி மேனேஜர்’ என்ற பெயருள்ள ஒரு சோர்ஸ் ஃபைலை நகல் எடுத்து வைத்துவிட்டு, அதன் இடத்தில் விஷம் கலந்த ஃபைலை வைக்கும்.

• பில்ட் முடிந்ததும் பழைய ஃபைலைத் திரும்ப வைத்துவிடும். அவ்ளோதான்!

இதில் உச்சகட்டத் தந்திரம் என்னவென்றால், மாற்றுவதற்கு முன்பு அசல் ஃபைலின் ‘கைரேகை’யை அது சரிபார்த்தது. டெவலப்பர்கள் இடையில் அந்த ஃபைலில் ஏதாவது திருத்தியிருந்தால், விஷ ஃபைல் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் பில்ட் தோல்வியடையும். உடனே யாராவது ‘என்ன ஆச்சு?’ என்று தேடுவார்கள். அந்த ஒரு கேள்விகூட எழக்கூடாது என்று ஹேக்கர்கள் கவனமாக இருந்தார்கள்.

அதாவது, அந்தக் கம்ப்யூட்டரில் ஃபைல் மாறுகிறதா என்று ரொம்ப அக்கறையாகக் கவனித்தது திருடன்தான்.

கைரேகைன்னா என்ன?

தொழில்நுட்பத்தில் இதற்கு ‘ஹேஷ்’ என்று பெயர். ஒரு ஃபைல் முழுவதையும் ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டால் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு எழுத்து வரிசை கிடைக்கும். ‘ஷா-256’ என்ற முறையில் அது 64 எழுத்துகள். ஃபைல் 1 பக்கமோ 1,000 பக்கமோ, விடை 64 எழுத்துதான். ஆனால் உள்ளே ஒரு கமா மாறினாலும் மொத்த வரிசையும் வேறாகிவிடும். அதனால், ‘ஃபைல் மாறியதா?’ என்ற கேள்விக்குப் பழைய ஃபைலோடு வரிக்கு வரி ஒப்பிடாமலேயே விடை சொல்லலாம்.

இந்த யோசனையை வைத்து 1992-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவர் ஜீன் கிம், பேராசிரியர் யூஜின் ஸ்பாஃபோர்டு இருவரும் ‘ட்ரிப்வயர்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். முக்கியமான ஃபைல்களின் கைரேகையை முதலில் பதிவுசெய்து வைக்கும். பிறகு அவ்வப்போது மீண்டும் எடுத்து ஒப்பிடும். மாறியிருந்தால் சொல்லும். இன்றும் வங்கி, அரசு சர்வர்களில் உள்ள ஃபைல் பாதுகாப்புக் கருவிகள் பலவற்றுக்கு இதுதான் அடிப்படை.

அப்போ ஏன் பிடிபடவில்லை?

இங்கேதான் சிக்கல். ரேஷன் கடையில் மாதம் ஒருமுறை இருப்புக் கணக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1-ம் தேதி மூட்டைகள் சரி. அடுத்த 1-ம் தேதியும் சரி. இடையில் 10-ம் தேதி ஒரு மூட்டையை மாற்றி, 11-ம் தேதி திரும்ப வைத்துவிட்டால்? கணக்கில் எதுவும் தெரியாது.

கைரேகை ஒப்பிடும் முறையும் அப்படித்தான். சோதனை நடக்கும் நேரத்தில் ஃபைல் எப்படி இருந்தது என்றுதான் சொல்லும். இரண்டு சோதனைகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. சன்ஸ்பாட் பயன்படுத்திக்கொண்டது இந்த இடைவெளியைத்தான். பில்ட்டுக்கு முன் பார்த்தால் அசல் ஃபைல். பின் பார்த்தாலும் அசல் ஃபைல்.

நடக்கும்போதே சொல்லும் முறை

இதற்கு இன்னொரு வழி உண்டு. ஃபைலைப் போய்ப் பார்ப்பதற்குப் பதில், ஃபைலில் ஏதாவது நடந்தால் ஆபரேட்டிங் சிஸ்டமே வந்து சொல்ல வேண்டும். லினக்ஸில் 2005-ல் சேர்க்கப்பட்ட ‘ஐநோட்டிஃபை’ இந்த வேலையைச் செய்கிறது. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களில் ‘எஃப்எஸ்ஈவென்ட்ஸ்’ இருக்கிறது. விண்டோஸிலும் இதே போன்ற வசதி உண்டு.

டெவலப்பர்கள் இதை தினமும் பயன்படுத்துகிறார்கள். கோடில் ஒரு வரியைத் திருத்தி சேமித்த உடனே பிரவுசரில் பக்கம் தானாகவே மாறுகிறதே, அது இப்படித்தான். ஃபைலை எழுதினாலும் நகர்த்தினாலும் அழித்தாலும், அந்தக் கணமே தகவல் போய்விடும். மாற்றித் திரும்ப வைத்தால், மாற்றியது ஒரு தகவல், வைத்தது இன்னொரு தகவல். இரண்டும் பதிவாகும்.

ஆனால் இதற்கும் குறைகள் உண்டு.

• ஐநோட்டிஃபை ஒரு ஃபோல்டரைக் கவனித்தால், அதற்குள் இருக்கும் ஃபோல்டர்களைத் தானாகக் கவனிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

• தகவல்கள் வரிசையில் காத்திருக்கும். வழக்கமான அமைப்பில் 16,384 தகவல்கள் வரைதான் இடம். அதற்கு மேல் குவிந்தால் மிச்சம் தொலைந்துவிடும்.

• ‘எது மாறியது’ என்று சொல்லும். ‘யார் மாற்றியது’ என்று சொல்லாது. அதற்குத் தணிக்கைப் பதிவு எனப்படும் ஆடிட் வசதியைத் தனியாக இயக்க வேண்டும்.

ஆயிரம் மாற்றங்களில் எது ஆபத்து?

பில்ட் நடக்கும்போது ஆயிரக்கணக்கான ஃபைல்கள் புதிதாக உருவாகும், அழியும். எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை மணி அடித்தால் நாலு நாளில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதனால் எதைக் கவனிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பில்ட்டின்போது வெளியீட்டு ஃபோல்டரில் ஃபைல்கள் மாறுவது இயல்பு. ஆனால் சோர்ஸ் கோட் வைத்திருக்கும் ஃபோல்டரில், அதுவும் பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, டெவலப்பர் எழுதிய ஃபைலை யாரும் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. மில்லில் அரிசி கொட்டிய பிறகு மூட்டைக்குள் யாரும் கைவிடக்கூடாது. விட்டால் அது ஒன்றே போதும், மணி அடிக்க.

இந்தப் பதிவுகளை அதே கம்ப்யூட்டரில் வைத்திருப்பதும் வீண். உள்ளே நுழைந்தவருக்கு முழு அதிகாரம் கிடைத்துவிட்டால் கண்காணிப்பையே நிறுத்திவிடலாம், பதிவையும் அழித்துவிடலாம். அதனால் பதிவு உடனுக்குடன் வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும்.

எவ்வளவு நாள் ஒளிந்திருந்தார்கள்?

2019 செப்டம்பரிலேயே ஹேக்கர்கள் சோலார்விண்ட்ஸுக்குள் வந்துவிட்டார்கள். விஷ கோடைச் சேர்த்தது 2020 பிப்ரவரியில். மார்ச் முதல் அப்டேட் வாடிக்கையாளர்களுக்குப் போனது. ஜூனில், வேலை முடிந்ததும் சன்ஸ்பாட்டை அவர்களே அழித்துவிட்டார்கள். விஷம் இறங்கிய கம்ப்யூட்டரிலும் உடனே எதுவும் நடக்காது. 2 வாரங்கள் வரை சும்மா இருந்துவிட்டு, அதன் பிறகே வேலையைத் தொடங்கும்.

கடைசியில் இதைக் கண்டுபிடித்தது சோலார்விண்ட்ஸ் அல்ல. அதன் வாடிக்கையாளரான ஃபயர்ஐ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம். ஒரு ஊழியரின் கணக்கில் லாகின் செய்வதற்கு இரண்டாவதாக ஒரு போன் பதிவாகியிருந்தது. அவரிடமே கேட்டார்கள். ‘நான் பதிவு செய்யவில்லை’ என்றார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2020 டிசம்பர் 13-ம் தேதி உலகத்துக்குச் சொன்னார்கள். ரஷ்ய வெளிநாட்டு உளவு அமைப்பான எஸ்விஆர்-தான் இதன் பின்னணியில் இருப்பதாக 2021 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது. ரஷ்யா மறுத்தது.

மீண்டும் ஒருமுறை... 2024-ல்

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் கதை, முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச் 29-ம் தேதி, லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற இலவச மென்பொருளில் பின்கதவு இருப்பது தெரியவந்தது. லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட சுமார் அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார்.

அதிலும் அதே பாணி. எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த கோட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு ஸ்கிரிப்ட், வெளியீட்டுக்காகத் தயாரித்த தொகுப்பில் மட்டும் இருந்தது. பில்ட் நடக்கும்போது அது விழித்துக்கொண்டு, சோதனை ஃபைல்களுக்குள் மறைத்து வைத்திருந்த விஷத்தை வெளியே எடுத்தது. களஞ்சியத்தையும் தொகுப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தால் அந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்கும்.

தீர்வு என்ன?

முதல் வழி, ஒரே அரிசியை இரண்டு மில்லில் அரைப்பது. ஒரே கோடைத் தொடர்பில்லாத இரண்டு கம்ப்யூட்டர்களில் பில்ட் செய்து, வெளிவரும் ஃபைல்களின் கைரேகையை ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். சொல்வது எளிது. பில்ட் செய்த தேதியும் நேரமும் ஃபைலுக்குள் பதிந்தாலே கைரேகை மாறிவிடும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்யும் வேலையை டெபியன் லினக்ஸ் குழுவினர் 2013 முதல் செய்துவருகிறார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பில்ட்டுக்கும் புது கம்ப்யூட்டர். முடிந்ததும் அழித்துவிட வேண்டும். கிளவுட் காலத்தில் இது சாத்தியம்தான். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஒளிந்து காத்திருக்கும் சன்ஸ்பாட் போன்றவற்றுக்குத் தங்க இடம் கிடைக்காது.

மூன்றாவது, சட்டம். 2021 மே 12-ம் தேதி அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட உத்தரவு, அரசுக்கு சாஃப்ட்வேர் விற்பவர்கள் அதற்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைத் தருவதையும், பில்ட் செய்யும் இடத்தைப் பாதுகாப்பதையும் வலியுறுத்தியது.

சரி, நாம் அப்டேட் செய்யலாமா, வேண்டாமா?

கண்டிப்பாகச் செய்யுங்கள். அப்டேட் செய்யாத போனில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும். விஷ அப்டேட் வருவது அரிது, அந்த ஓட்டைகள் வழியாகத் திருட்டு நடப்பது அன்றாடம்.

ஆனால் சாஃப்ட்வேர் துறையில் வேலை செய்பவர்களுக்கு, நாலு பேர் கொண்ட சின்ன டீமாக இருந்தாலும், கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி இருக்கிறது. ‘நம்ம கோட் பத்திரமா இருக்கா?’ என்பது பாதிக் கேள்விதான். சோலார்விண்ட்ஸில் அதற்கு ‘இருக்கு’ என்றுதான் பதில் வந்திருக்கும். ‘நேற்று பில்ட் ஓடும்போது நம்ம ஃபைலில் யாராவது கை வைத்தார்களா?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பதிவு இருக்கிறதா என்பதுதான் மீதிப் பாதி.