பதினெட்டு வயதில் ஒரு ரயில் பாஸ்

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கையோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ரயிலேறுவது ஐரோப்பிய இளைஞர்களிடம் ஊறிப்போன பழக்கம். 1972-ல் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக வந்த ‘இன்டர்ரெயில்’ பாஸ் இதற்குப் பாதை போட்டது. அப்போது ஒரே சீட்டு, ஒரு மாதம், 21 நாடுகள்.

பாஸ் மட்டும் போதாது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. உள்ளூர் ரயில்களில் பெரும்பாலும் அந்தத் தொல்லை கிடையாது, நேரம்தான் கூடும்.

இரவு ரயிலில் போனால் விடுதி வாடகை மிச்சம். மற்ற இரவுகளுக்கு ஹாஸ்டல் கட்டில். அங்குள்ள பொதுச் சமையலறையில் பாஸ்தாவைக் கொதிக்கவிட்டால் ஓட்டல் செலவும் குறையும்.

பாஸ் வாங்கவே பணமில்லையா? 18 வயதினருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் ‘டிஸ்கவர்இயூ’ திட்டத்தைத் தொடங்கியது. விண்ணப்பித்து, வினாடி வினாவில் தேறித் தேர்வானால் பாஸ் இலவசம். சாப்பாடும் தங்குமிடமும் அவரவர் செலவு.