வீட்டு நாயும் நம் கடமையும்

"நன்றியுள்ள பிராணி எது?" என்று கேட்டால் முதல் வகுப்புக் குழந்தையும் "நாய்" என்று உடனே விடை கூறும். "அந்த நன்றிக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது?" என்று கேட்டாலோ, பத்தாம் வகுப்பில் படிக்கும் நானும் தயங்கி நிற்பேன். கடந்த தீபாவளி வரை, சோறு வைத்தால் போதும் என்றே எண்ணியிருந்தேன். அது எவ்வளவு தவறு என்பதை நான் உணர்ந்த விதத்தை, அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் வீட்டு மணி

என் தந்தை நம் ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் பணிபுரிகிறார். ஆடி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, சூளையின் ஓரத்தில் வெதுவெதுப்பான சாம்பல்மேல் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்ததாம். ஒரு மாதக் குட்டி. தாயைக் காணவில்லை. அப்பா அதைத் துண்டில் சுற்றி வீட்டிற்குக் கொண்டு வந்தார். தம்பி அதற்கு மணி என்று பெயரிட்டான். விளிம்பு உடைந்ததால் விலைபோகாத ஒரு பீங்கான் கிண்ணம் அதன் சாப்பாட்டுத் தட்டாயிற்று. "மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட வேண்டும். அது உன் பொறுப்பு" என்று அப்பா என்னிடம் கூறினார். நானும் தலையை ஆட்டினேன்.

வயிறும் தோலும்

குட்டி நாய்களுக்கு வரும் முதல் தொல்லை வயிற்றுப் பூச்சி. தாயின் வயிற்றில் இருக்கும்போதே பூச்சி குட்டிக்குத் தொற்றிவிடும். வயிறு மட்டும் பானைபோல் உப்பி, உடல் மெலிந்து காணப்பட்டால் பூச்சி இருக்கிறது என்று பொருள். மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் பூச்சி மருந்தே இதற்கு ஏற்றது. நமக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுப்பது தவறு. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கிவிடும். நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். ஆதலால் தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்று நாமே மருந்து கொடுத்தல் கூடாது.

இரத்தம் கலந்த பேதியும் ஓயாத வாந்தியும் கண்டால் அது பார்வோ என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். 1978-ஆம் ஆண்டு வாக்கில் கண்டறியப்பட்ட இந்நோய் சில நாட்களிலேயே குட்டியைக் கொன்றுவிடும். உடலில் நீர் வற்றிப் போவதே இதில் பேராபத்து. ஒரு வேளைகூடத் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதற்கும் தடுப்பூசி உண்டு.

அடுத்தது உண்ணி. காதின் உட்புறத்திலும் விரல் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த முட்டைகள் நாயின் உடலில் இல்லை. சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் இருக்கின்றன. ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டினால் போதாது; அது படுக்கும் இடத்தையும் தூய்மை செய்ய வேண்டும். மண்ணெண்ணெய் பூசுவது தோலைப் புண்ணாக்கும். நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகள் சில, பூனைக்கு நஞ்சாகும்.

உணவிலும் கவனம் தேவை. நாம் ருசித்துண்ணும் வெங்காய சாம்பார் நாய்க்கு ஆகாது. வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கிறது. சாக்லேட்டும் திராட்சையும் அவ்வாறே தீங்கானவை.

குணமும் குறும்பும்

மணி என் பள்ளிக் காலணியைக் கடித்துக் குதறியபோது நான் அதை அடித்தேன். பிறகுதான் காரணம் அறிந்தேன். நான்கு மாத அளவில் நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கின்றன. ஈறு ஊறுவதால் எதையேனும் கடிக்கத் தேடும். கடிக்க ஒரு பழந்துணி முடிச்சைக் கொடுத்தால் காலணி தப்பும். அடித்தால் நாய் கற்பது ஒன்றே: "இந்தக் கை அஞ்சத்தக்கது" என்பதே அது.

இரவெல்லாம் குரைக்கும் நாய், பெரும்பாலும் பகலெல்லாம் கட்டிக் கிடந்த நாயாக இருக்கும். காலையும் மாலையும் சிறிது தூரம் நடத்திச் சென்றாலே குரைப்பு குறையும். உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதும் எந்த நாயையும் தொடலாகாது. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அஞ்சி ஒளிந்திருக்கும் நாயைத் தொடவே கூடாது. நமது காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியைக் கேட்கும். நாயின் காதோ ஏறத்தாழ 45,000 அதிர்வு வரை கேட்கும். நமக்கு மெல்லியதாகத் தோன்றும் ஒலியும் அதற்குத் தெளிவாகக் கேட்கும். அப்படியானால் பட்டாசு வெடி அதற்கு எப்படி இருக்கும்!

அந்தத் தீபாவளி

காலாண்டுத் தேர்வு, நவராத்திரி விடுமுறை என்று நாட்கள் ஓடின. மணிக்கு நான்கு மாதம் கடந்துவிட்டது. ஊசி போடவில்லை. நாளை, நாளை என்று தள்ளி வைத்தவள் நான்தான்.

தீபாவளி மாலையில் அப்பாவும் அம்மாவும் அத்தை வீட்டிற்குச் சென்றிருந்தனர். தெருவில் சரவெடி வெடித்தது. மணி கட்டிலுக்கடியில் புகுந்து நடுங்கியது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி, பாவம், அதைத் தேற்ற எண்ணிக் கையை நீட்டினான். மணி கடித்துவிட்டது. புறங்கையில் இரண்டு பல் பதிந்து இரத்தம் கசிந்தது. "குட்டி நாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று பாட்டி சுண்ணாம்பைத் தடவினார். அப்பா அறிந்தால் மணியைத் துரத்திவிடுவாரோ, ஊசி போடாததற்கு என்னைக் கடிந்துகொள்வாரோ என்று எனக்கு அச்சம். "மத்தாப்புக் கம்பி கீறிவிட்டது" என்று பொய் சொன்னேன். தம்பியையும் அவ்வாறே சொல்லச் செய்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அறிவியல் வகுப்பில் சிஸ்டர் வைரஸ் நோய்களைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள். வெறிநாய்க்கடி நோய் வந்தபின் அதனைக் குணப்படுத்த மருந்து இல்லை என்று கூறியபோது என் கை கால்கள் குளிர்ந்துவிட்டன. இடைவேளையில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் கோபிக்கவில்லை. "முதலில் தம்பி, மற்றதெல்லாம் பிறகு" என்று சொல்லி உடனே அப்பாவுக்குத் தொலைபேசியில் செய்தி தெரிவித்தார்கள். அன்றே தம்பியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

கடித்தால் செய்ய வேண்டுவன

வெறிநோய் வைரஸ் நாயின் உமிழ்நீரில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. பெரும்பாலும் இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சில வேளைகளில் ஒரு வாரமே போதும். அது மூளையை அடையும் முன் தடுப்பூசி முந்திக்கொண்டால் உயிர் பிழைக்கும். வெறிநாய் எனச் சந்தேகிக்கப்படும் பிராணிகளால் கடிபடுவோரில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இது நம் வயதினர் அறிந்தே தீரவேண்டிய செய்தி.

1. கடித்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் தடவக்கூடாது.

2. உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு முறை போடுவார்கள். இரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள்.

3. கடித்த வளர்ப்பு நாயைக் கொல்லவோ விரட்டவோ கூடாது. கட்டி வைத்து 10 நாட்கள் கவனிக்க வேண்டும். அந்த நாட்கள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

முன்னாளில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை, தொப்புளைச் சுற்றி 14 ஊசிகளாகப் போட்டார்களாம். அதற்கு அஞ்சியே பலர் கடிபட்டதை மறைத்தனர் என்று பாட்டி சொன்னார். 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் அம்மருந்தின் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. இப்போதைய ஊசி கையில்தான் போடப்படுகிறது.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். 1907-இல் நம் நீலகிரியின் குன்னூரிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளே இன்று உலக வெறிநோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது.

நான் கற்ற பாடம்

பத்து நாட்களும் விடிந்ததும் நான் முதலில் ஓடியது மணியிடம்தான். பீங்கான் கிண்ணத்தில் வைத்த பால் காலியாகியிருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். பதினோராம் நாளும் மணி வாலை ஆட்டியது. அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு வந்தேன். தம்பிக்கும் நான்கு ஊசிகளும் முடிந்தன.

அப்பா என்னை அடிக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "பச்சை மண்ணில் கீறல் இருந்தால் அப்போதே சொல்லிவிடு, பிசைந்து சரிசெய்துவிடலாம். சூளையில் வெந்தபின் சொல்லி என்ன பயன்?"

தோழியரே! உங்கள் வீட்டிலும் நாயோ பூனையோ இருந்தால், அதற்கு ஊசி போட்ட தேதியை இன்றே பாருங்கள். கடியோ கீறலோ பட்டால் எவருக்கு அஞ்சியும் மறைக்காதீர்கள். பெற்றோர்களே! குழந்தை அஞ்சாமல் வந்து சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். இறைவன் நம்மை நம்பி ஒப்படைத்த வாயில்லா உயிர்களைப் பேணுவோம். அவற்றோடு நம் வீட்டுப் பிள்ளைகளையும் காப்போம்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி